அப்பாவின் முகம் அசைவதில்லை, அதனால் பேச்சே குறைந்துபோச்சு. முகத்துக்கு அப்படி என்ன வேலை?

பாலக்கோடு மளிகை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்குப் பார்கின்சன் என்று போன வருஷம் நரம்பு டாக்டர் சொன்னார். மாத்திரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. கை நடுக்கம் பெரிய தொந்தரவு இல்லை, நடையும் பரவாயில்லை. எங்களை வாட்டுவது அவர் முகம்தான். புருவம் ஏறுவதில்லை, கன்னம் அசைவதில்லை, கண் சிமிட்டுவதுகூடக் குறைந்துவிட்டது. இந்த நோயில் இப்படி ஆகும் என்று டாக்டர் விளக்கினார், அது புரிகிறது. என் கேள்வி அதற்கு அடுத்தது.

அப்பா மாட்டுத் தரகர். காரிமங்கலம் சந்தையிலும் போச்சம்பள்ளிச் சந்தையிலும் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே விரல்கள் ஆயிரக் கணக்கில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும், வெளியே முகத்தில் ஒன்றும் தெரியாது. மாடு பிடித்துவிட்டது என்று கண்ணில் லேசாகத் தெரிந்தாலே விற்கிறவர் விலையை ஏற்றிவிடுவார். அந்தத் தொழிலுக்கு அப்படி ஒரு முகம் வேண்டும், அவருக்கு இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டால் வேறு ஆள். சுழி சரியில்லை என்று ஒருத்தர் மூக்கைச் சுளித்ததையும், பல் பார்க்கத் தெரியாமலே பார்க்கிற மாதிரி இன்னொருத்தர் தலையாட்டியதையும் அப்படியே செய்து காட்டுவார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்.

இப்போது எங்கள் மளிகைக் கடையில் கல்லாவில் உட்காருகிறார். கணக்கில் ஒரு ரூபாய் தப்பாது. ஆனால் தக்காளி மண்டிக்கு லோடு கொண்டுவருகிற வாடிக்கைக்காரர்கள் அவரிடம் நின்று பேசுவதை விட்டுவிட்டார்கள். "பெரியவருக்கு எங்க மேல ஏதாச்சும் கோவமா?" என்று என்னிடம் தனியாகக் கேட்கிறார்கள். போன மாசம் சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அப்பா தட்டை வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம், கட்டாயம் வர்றோம்" என்றுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது. அவர்களோ "முகம் கொடுத்துக்கூடப் பேசலை" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். தம்பி குழந்தைக்கு இன்னும் ஒரு வயசு ஆகவில்லை. தாத்தா மடியில் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்க்கும், அப்புறம் உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்துவிடும். அப்பா இப்போது குழந்தையை வாங்குவதே இல்லை. ஆட்களிடம் பேசுவதும் குறைந்துவிட்டது.

அவர் வாயால் எல்லாம் சரியாகத்தான் சொல்கிறார். மனசில் இருப்பதைக் காட்டுவதுதானே முகத்தின் வேலை? வார்த்தையே அதைச் சொல்லிவிடும்போது முகம் அசையாததால் இவ்வளவு கெடுமா? எதனால் இப்படி ஆகிறது, நாங்கள் என்ன செய்யலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஓசூர்வாசி:

அக்கா, படித்ததை வைத்துச் சொல்கிறேன். பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1967, 68இல் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதிக்குப் போனார். அங்கே ஃபோரே என்ற மக்கள். அவர்களில் சினிமா பார்க்காத, வெளியாட்களோடு அதிகம் பழகாதவர்களிடம் ஒரு சின்னக் கதையைச் சொல்லி, இந்தக் கதைக்கு எந்த முகம் என்று போட்டோக்களைக் காட்டிக் கேட்டார். பெரும்பாலும் சரியாகவே எடுத்துக் கொடுத்தார்கள். மகிழ்ச்சி, துக்கம், கோபம், அச்சம், அருவருப்பு, வியப்பு ஆகிய ஆறும் மனிதர் எல்லோருக்கும் பொது என்ற கருத்து அதிலிருந்துதான் பரவியது. அதற்கு முன்பே 1872இல் டார்வின் இதைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆக, முகத்தைப் படிப்பது நம் பிறப்பிலேயே இருக்கிறது. முகத்தில் எதுவும் இல்லையென்றால் பார்க்கிறவர் குழம்பத்தான் செய்வார்.


கிருஷ்ணகிரி பேச்சுப் பயிற்சி:

நான் கிருஷ்ணகிரியில் பேச்சுப் பயிற்சியாளராக வேலை செய்கிறேன். பக்கவாதம் வந்தவர்கள், பார்கின்சன் உள்ளவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். உங்கள் கேள்வியை நான் தினமும் வேறு வேறு வீட்டுக்காரர்கள் வாயால் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி ஓசூர்வாசி சொன்ன ஆய்வு முக்கியமானது. ஆனால் அதோடு நிறுத்தினால் பெரியவருக்கு உதவாது. அந்தப் போட்டோக்கள் அசையாத படங்கள், பெரும்பாலும் முழு அளவில் வரவழைத்த முகங்கள். சந்தையில், கடையில், பந்தியில் நாம் ஒருவருக்கொருவர் காட்டும் முகம் அப்படி இருப்பதில்லை. பின்னால் வந்தவர்கள் அந்த ஆறு வகையைக் கேள்வியும் கேட்டிருக்கிறார்கள். அதே பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோப்ரியண்ட் தீவுகளில், நாம் பயந்த முகம் என்று சொல்லும் படத்தை இளைஞர்கள் பலர் மிரட்டுகிற முகம் என்று எடுத்ததாக 2016இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு முகத்துக்கு ஒரே உணர்ச்சி என்று முடிச்சுப் போட முடியாது என்று 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் விரிவாக எழுதினார்கள்.

என் வேலையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது வேறு ஓர் ஆய்வை. 1979இல் க்ராட், ஜான்ஸ்டன் என்ற இருவர், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டுக் கூடங்களில் உட்கார்ந்து ஆட்களின் முகத்தைக் கவனித்தார்கள். பந்து நன்றாக விழுந்தால் சந்தோஷம்தானே, உடனே சிரிக்க வேண்டும். ஆனால் கட்டைகளைப் பார்த்து நிற்கும்போது பெரும்பாலும் சிரிக்கவில்லை. திரும்பிக் கூட வந்தவர்களைப் பார்க்கும்போதுதான் சிரித்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர்களைப் பார்த்தபோதும் இப்படித்தான். மேடைக்குப் பின்னால் நிற்கும்போது அவ்வளவாகச் சிரிப்பு இல்லை, மக்களைப் பார்த்து நிற்கும் நேரத்தில்தான் முகம் மலர்ந்தது. வாழ்க்கையிலேயே பெரிய சந்தோஷம், அதுகூட ஆளைப் பார்த்தால்தான் முகத்துக்கு வருகிறது. ஆக, "மனசில் இருப்பதைக் காட்டுவது" என்று நீங்கள் சொன்னது பாதிதான். நான் உன்னைப் பார்த்துவிட்டேன், உன் பேச்சு பிடிக்கிறது, மேலே சொல்லு, இது விளையாட்டுக்குச் சொன்னது, தப்பாக எடுத்துக்காதே என்று எதிரே இருப்பவரிடம் முகம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த வேலை நின்றுபோனால் வார்த்தை தனியாளாக நிற்கும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

கேட்கிறவர் முகத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எனக்கு அதுதான் இதில் மிகப் பெரிய விஷயம். பாட்டி கதை சொல்லும்போது "உம்" கொட்டச் சொல்வார்களே, கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடுவார்களே. 2000இல் ஜேனட் பாவெலஸ் குழுவினர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒருவர் தான் ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய கதையைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர்களில் சிலருக்கு மட்டும் ஒரு ரகசிய வேலை: சொல்கிறவர் வாயில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் வார்த்தை எத்தனை வருகிறது என்று எண்ண வேண்டும். எண்ணுகிறவர் எதிரே உட்கார்ந்துதான் இருக்கிறார், காதும் கொடுக்கிறார். ஆனால் பயப்பட வேண்டிய இடத்தில் அவர் கண் விரிவதில்லை, முகம் சுருங்குவதில்லை. அதனால் சொல்கிறவருக்குக் கதையே சரியாக வரவில்லை. குறிப்பாக முடிவு இழுத்துக்கொண்டு போனது, தான் ஏன் ஆபத்து என்று சொன்னேன் என்பதைத் திரும்பத் திரும்ப விளக்கினார்கள். கேட்பவர் முகம் அசையாவிட்டால் பேசுபவர் வாய் தடுமாறும். உங்கள் கடைக்கு வரும் லோடுக்காரர் பெரியவரிடம் நின்று பேசாமல் போவதற்குக் கோபமோ மரியாதைக் குறைவோ காரணம் இல்லை. நாலு வார்த்தை சொன்னதுமே அவருக்குப் பேச்சு ஓடவில்லை.

இனி நோயைப் பற்றி. மூளையின் அடியில் இருக்கும் சில பகுதிகளில் டோபமின் என்ற ரசாயனம் குறைவதால் இது வருகிறது. தானாக நடக்க வேண்டிய அசைவுகள்தான் முதலில் அடிவாங்கும். நடக்கும்போது கை வீசுவது, கண் சிமிட்டுவது, பேச்சுக்கு இடையில் புருவம் ஏறுவது எல்லாம் அந்த வகை. வேண்டுமென்று செய்வது அவ்வளவு கெடாது. என் அறையில் இதை அடிக்கடி பார்ப்பேன். ஒரு பெரியவர், அவர் மனைவி. மனைவி பேரன் செய்த குறும்பைச் சொல்கிறார். பெரியவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "ஐயா, கொஞ்சம் சிரிங்க" என்று நான் சொன்னதும் இரண்டு கன்னமும் மேலே ஏறிப் பல் தெரியச் சிரிக்கிறார். மனைவி என்னைப் பார்த்து, "அப்போ இவ்வளவு நாளும் வேணும்னேதான் மூஞ்சைத் தூக்கி வெச்சிருந்தாரா?" என்று கேட்டார். அப்படி இல்லை. சிரிப்புக்கு மூளையிலிருந்து வரும் வழிகள் இரண்டு: தானாக வருகிற சிரிப்புக்கு ஒன்று, வேண்டுமென்று சிரிப்பதற்கு ஒன்று. பக்கவாதத்தில் சிலருக்கு நேர் எதிராக நடக்கும். சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் இழுக்கும், யாராவது நல்ல நகைச்சுவை சொன்னால் இரண்டு பக்கமும் சரியாக விரியும். இரண்டு சிரிப்பும் ஒன்றல்ல என்பதை 1862இலேயே துஷென் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத் தசைகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்து எழுதிவைத்தார். உள்ளிருந்து வரும் சிரிப்பில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்கும்.

அசையாத முகத்தைப் பார்ப்பவர்கள் அதைச் சும்மா விடுவதில்லை. கோபம், அலட்சியம், சோர்வு என்று ஏதாவது ஒன்றை எழுதிக்கொள்வார்கள். இந்த நோயைத் தெரிந்தவர்களே அப்படித் தப்பாகக் கணிக்கிறார்கள் என்று ஆய்வுகள் இருக்கின்றன. அதனால் பத்திரிகை வைக்க வந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பார்கின்சன் உள்ளவர்களுக்கு மனச்சோர்வும் வரலாம், அதற்கு மருத்துவம் உண்டு. அவருக்கு அது இருக்கிறதா இல்லையா என்று முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் ஏமாந்துபோவீர்கள். "அப்பா, மனசு எப்படி இருக்கு, ராத்திரி தூக்கம் வருதா" என்று வாயைத் திறந்து கேளுங்கள். ஆட்களை ஒதுக்குகிறார் என்று நீங்கள் எழுதியதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

குழந்தை அழுவதைப் பற்றி. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் செய்த சோதனை இதற்கு நேரடியாகப் பொருந்தும். அம்மா குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, சட்டென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், குரல் கொடுக்கும். எதற்கும் பதில் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அழும். பெற்ற அம்மாவிடமே அப்படி. பின்னால் நடந்த ஆய்வுகளில், முகம் அசையாவிட்டாலும் அம்மா கையால் தொட்டுத் தட்டி விளையாடினால் குழந்தையின் அழுகை குறைந்தது. இந்த ஒன்றை நீங்கள் இன்றைக்கே செய்து பார்க்கலாம். குழந்தையை எதிரே முகம் பார்க்க உட்கார வைக்காமல், அப்பா நெஞ்சில் முதுகைச் சாய்த்து வெளியே பார்க்க உட்கார வையுங்கள். கையைத் தட்டட்டும், சாய்ந்தாடம்மா பாடட்டும், காலைப் பிடித்து ஆட்டட்டும். குழந்தைக்கு அந்தக் கை பழகிவிட்டால் முகத்தை அவ்வளவாகத் தேடாது. அவரிடமிருந்து குழந்தையை விலக்கி மட்டும் வைக்காதீர்கள்.


பென்னாகரம் கூத்து:

கண்ணு, நான் தெருக்கூத்து ஆடுகிறவன். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது துச்சாதனன் வேஷம் கட்டுவேன். டாக்டர் விஷயம் எனக்குத் தெரியாது. முகம் தெரியாத இடத்தில் மனசைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்கிறேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆட்டம். பின்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு என் கண் எங்கே தெரியும்? அரிதாரத்தில் புருவத்தைப் பெரிதாக வளைத்து எழுதுகிறோம், கண்ணைச் சுற்றி வெள்ளைப் புள்ளி வைக்கிறோம். ஆனால் அரிதாரம் ஒரு தடவை போட்டால் விடியும்வரை ஒரே முகம். சபையில் சேலையைப் பிடித்து இழுக்கிற திமிரும் அந்த முகம்தான், படுகளத்தில் பீமனைப் பார்த்து வருகிற பயமும் அந்த முகம்தான். பயம் எங்கே தெரியும் என்றால் அடவில் தெரியும், தோளில் தெரியும், குரல் உடைகிற இடத்தில் தெரியும். அதுபோக, கட்டியங்காரன் பக்கத்தில் இருக்கிறான். ராஜா வந்திருக்கார், கோவமா வந்திருக்கார் என்று அவன் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்கிறான். யாரும் அதைக் குறை என்று நினைப்பதில்லை.

உன் அப்பாவுக்கு நீ கட்டியங்காரனாக இரு. ஆள் வந்து நின்றதும் அவர் பேசுவதற்கு முன்னால் நீ ஒரு வார்த்தை எடுத்துக் கொடு: "அப்பா, நம்ம மாரண்டஹள்ளி அண்ணன் வந்திருக்காரு, நேத்துகூட அவரைத்தானே விசாரிச்சீங்க." அப்புறம் அவரைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொல். துண்டுக்குள் விரலால் பேசிய ஆளுக்குக் கையால் சொல்லத் தெரியாமல் போகுமா? வந்தவர் கையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.


கிருஷ்ணகிரி பேச்சுப் பயிற்சி:

ஐயா, அருமை. 2012இல் ஒரு ஆய்வு இதையேதான் சொன்னது. டென்னிஸ் வீரர்கள் ஒரு புள்ளியை வென்ற நொடியிலும் இழந்த நொடியிலும் எடுத்த படங்கள். முகத்தை மட்டும் வெட்டிக் காட்டினால் வென்றவரா தோற்றவரா என்று பார்ப்பவர்களால் சொல்ல முடியவில்லை. உடம்பை மட்டும் காட்டியபோது சொன்னார்கள். உணர்ச்சி உச்சத்துக்குப் போகும்போது முகம் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை, தோளும் கையும் சொல்லிவிடுகின்றன.


சைகை டீச்சர்:

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன், இதே மாவட்டத்தில்தான். எங்கள் வகுப்பில் முகத்தை உணர்ச்சி என்ற கணக்கிலேயே வைப்பதில்லை, அது இலக்கணம். "நீ சாப்பிட்டாய்", "நீ சாப்பிட்டாயா" இரண்டுக்கும் கை ஒன்றேதான். புருவமும் கண்ணும் தலையும் மாறினால்தான் கேள்வி ஆகும். கொரோனா நேரத்தில் எல்லோரும் முகக்கவசம் போட்டதும் எங்கள் பிள்ளைகள் பாதி மொழியை இழந்த மாதிரி தவித்தார்கள். வாய் தெரிவதற்காக நடுவில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் வைத்த கவசங்கள் அதனால்தான் வந்தன. வாயால் பேசுகிறவர்களும் இதைக் கொஞ்சம் செய்கிறார்கள், குரல் இருப்பதால் கவனிப்பதில்லை. அப்பாவுக்கு முகம் செய்கிற வேலையை வார்த்தைக்கு மாற்றிக் கொடுங்கள். "அப்படியா!", "அட", "அப்புறம் என்ன ஆச்சு?" என்று சின்னச் சின்ன வார்த்தைகள். நடுநடுவே அவர் இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் பேச்சு நிற்காது.


பாலக்கோடு மளிகை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அப்பாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கூத்து ஐயா எழுதியதை இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். குழந்தையை முதுகு சாய்த்து உட்கார வைத்துப் பார்த்தோம், கொஞ்ச நேரம் அழாமல் அவர் விரலைப் பிடித்து விளையாடியது. பேச்சுப் பயிற்சி அக்காவிடம் இன்னும் இரண்டு கேட்க வேண்டும். கண்ணாடி முன்னால் முகப் பயிற்சி செய்தால் பலன் உண்டா? இன்னொன்று, நோயைப் பற்றி வருகிறவர்களிடம் சொல்லிவிடலாமா? அப்பா அதற்குக் கூச்சப்படுகிறார். சந்தையில் நிமிர்ந்து நின்ற மனுஷன்.


கிருஷ்ணகிரி பேச்சுப் பயிற்சி:

கண்ணாடிப் பயிற்சி செய்யலாம், கெடுதல் இல்லை. புருவத்தைத் தூக்குவது, கன்னத்தை உப்புவது, பல் தெரியச் சிரிப்பது என்று காலையில் மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்துச் செய்யட்டும். யாராவது பார்க்க வருவதாக இருந்தாலும் அந்த நேரத்துக்கே வரச் சொல்லுங்கள், லெவோடோபா என்ற பார்கின்சன் மருந்து நன்றாக வேலை செய்யும்போது சிலருக்கு முகமும் கொஞ்சம் இளகும்.

ஆனால் நான் முதலில் குரலைத்தான் பிடிப்பேன். பார்கின்சன் உள்ளவருக்குத் தன் குரல் சின்னதாகிவிட்டது தெரியாது, சாதாரணமாகத்தான் பேசுகிறோம் என்று நினைப்பார். பத்திரிகை வைக்க வந்தவர்களுக்கு "ரொம்ப சந்தோஷம்" காதில் விழுந்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திருக்காது. உரக்கப் பேசப் பழக்கும் பயிற்சி ஒன்று 1980களில் அமெரிக்காவில் லீ சில்வர்மன் என்ற பார்கின்சன் நோயாளியின் பெயரில் உருவானது. வாரம் நான்கு நாள், நான்கு வாரம் விடாமல் செய்ய வேண்டும். குரலுக்காகச் செய்வது என்றாலும் முகத்திலும் அசைவு கூடுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று நரம்பு டாக்டரிடமே கேளுங்கள். அதுவரை வீட்டில் ஒன்று செய்யுங்கள்: சந்தையில் கூட்டத்துக்கு நடுவே எதிர்வரிசைத் தரகரைக் கூப்பிடுகிற குரலில் பேசச் சொல்லுங்கள். அந்தக் குரல் அவருக்குப் பழக்கமானது.

சொல்லலாமா என்று கேட்டீர்கள். அவர் சம்மதித்தால் சொல்வதுதான் நல்லது, அதுவும் அவர் வாயாலேயே. நோயின் பெயரோ நீண்ட விளக்கமோ வேண்டாம். "எனக்கு நரம்பு வியாதி, முகம் அசையாது, கோவம் ஒண்ணும் இல்லை, உட்காருங்க" என்றால் போதும். கூச்சம் முதல் இரண்டு மூன்று பேரிடம்தான் இருக்கும். சம்மதிக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள், கூத்து ஐயா சொன்ன மாதிரி நீங்கள் எடுத்துக் கொடுப்பதே நடக்கட்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். சாப்பிடும்போது, முக்கியமாகத் தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா? இந்த நோயில் விழுங்குவதும் மெதுவாகலாம். இருமல் இருந்தால் அடுத்த முறை போகும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.